"கேஸ் போய்விட்டது" என்று முடிவு கட்டுவதற்கு முன்: டெல்டா வீடுகளில் ஃபிரிட்ஜ் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஃபிரிட்ஜ் பழுது பார்த்து வருகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்: "கேஸ் போய்விட்டது தம்பி, ஏற்றிவிட்டுப் போங்கள்." எனக்கு முன்னால் வந்த யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள். பல வீடுகளில் கேஸ் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். பழுது வேறெங்கோ இருக்கும்.

அடுப்புக்கு வாங்கும் சிலிண்டர் எரிய எரியத் தீரும். ஃபிரிட்ஜின் கேஸ் அப்படித் தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து கொட்டிவிட்டு மறுபடியும் உள்ளே போகிறது. பத்து ஆண்டுகள் கழித்தும் அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது போலத்தான். இரண்டு மாதத்தில் மறுபடியும் பணம் கேட்பார்கள்.

ஆகவே நான் பழுது தேடும் வரிசையை அப்படியே இங்கே எழுதுகிறேன். முதலில் மின்சாரம், பிறகு காற்று, கதவு, பனி, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் கிளம்புவது. கேஸ் கடைசி. வரிசையை மாற்ற வேண்டாம். முதல் மூன்றைப் பார்க்க மெக்கானிக் தேவையே இல்லை.

தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் வைத்து, இரவு முழுவதும் கதவைத் திறக்காமல் விடுங்கள். காலையில் 5 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ காட்டினால் உங்கள் ஃபிரிட்ஜ் நன்றாக இருக்கிறது. "முன்பு போல் குளிரவில்லை" என்று கையை வைத்துச் சொல்வதை நம்பி எந்த வேலையும் தொடங்கக் கூடாது. சித்திரை வெயிலில் நம் கையே சூடாக இருக்கும்.

மின்சாரம்

விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, அதனால் மின்சாரம் சரியாக வருகிறது என்று நினைக்கிறோம். விளக்குக்கும் விசிறிக்கும் போதுமான வோல்டேஜ் கம்ப்ரசருக்குப் போதாது.

டெல்டாவில் இது பருவத்தோடு வரும் நோய். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. அணைத் தண்ணீருக்குக் காத்திராமல் முன்கூட்டியே குறுவை நெல்லுக்கு நாற்றங்கால் விடுகிறவர்கள் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கிறார்கள். மே மாதத்தில் அக்னி நட்சத்திர வெயில் ஒருபுறம், வயல் மோட்டார்கள் ஒருபுறம். வயலுக்கும் வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர் இருக்கும் தெருக்களில் 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 170 வந்ததை நானே அளந்திருக்கிறேன். மோட்டாரின் கிளம்பும் விசை, வோல்டேஜ் குறைவதைவிட வேகமாகக் குறையும். 230 என்பது 163-க்கு இறங்கினால் விசை பாதியாகிவிடும். பாதி விசையில் கம்ப்ரசர் முனகும், சூடாகும், நின்றுவிடும். வீட்டுக்காரருக்குத் தெரிவது ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்பது மட்டும்.

வோல்டேஜை அளக்கும் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி வையுங்கள். ஃபிரிட்ஜ் செருகியிருக்கும் பலகையிலேயே பக்கத்துப் பிளக்கில், கம்ப்ரசர் கிளம்பும் நேரத்தில் அளக்க வேண்டும். காலை, நண்பகல், இரவு என்று மூன்று வேளையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று வேளையும் குறைவாக இருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டும். ஃபிரிட்ஜ் எந்த வோல்டேஜ் வரைக்கும் தாங்கும் என்பது அதன் குறிப்பேட்டில் இருக்கும். அதையும் உங்கள் தாளையும் ஒப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். கம்ப்ரசர் கிளம்பும்போது மட்டும் வோல்டேஜ் தடாலென்று விழுந்தால் கோளாறு தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. வயர் மெலிந்தது, அல்லது இணைப்பு தளர்ந்தது. பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, பிளக் முனை கறுத்திருந்தாலோ உடனே எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். நீட்டிப்புப் பலகையில் ஃபிரிட்ஜைச் செருகவே கூடாது.

மின்சாரம் போய்ப் போய் வரும் நாட்களில் இன்னொரு கவனம் வேண்டும். நின்ற கம்ப்ரசரை உடனே கிளப்பினால் அது திணறும். குழாய்க்குள் இரண்டு பக்க அழுத்தமும் சமமாவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் மூன்று நிமிடம் போலக் காத்திருந்து பிறகே மின்சாரம் விடும். அது இல்லாத வீட்டில் மின்சாரம் போனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்த பிறகு நீங்களே ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

ஃபிரிட்ஜைத் தொட்டால் சுரீரென்கிறதா? மேலே படிப்பதை நிறுத்திவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். செருப்புப் போட்டுத் தொட்டால் அடிப்பதில்லை என்று மாதக்கணக்கில் சமாளித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வீட்டில் தவழும் குழந்தை இருந்தது. மூன்றாவது முள்ளில் எர்த் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்திருந்தால் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றை மெயினில் பொருத்திவிடுவது நல்லது. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

காற்று

உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விட இடம் வேண்டும். அந்த இடத்தை நாம்தான் அடைக்கிறோம்.

குத்தாலம் பக்கத்தில் ஒரு வீடு. இரண்டு பேர் வந்து கேஸ் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அம்மாள் முகத்தில் கவலை. இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்கிறார். இரண்டு நாளாக மாவு பொங்கிப் புளித்துக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் சமையலறை மூலையில் சுவரோடு ஒட்டி நின்றது. ஒரு பக்கம் கிரைண்டர், தலையில் பூப்போட்ட துணி, துணிமேல் பழைய செய்தித்தாள் கட்டு. முன்னால் இழுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்தேன். சூட்டை வெளியே விடும் கறுப்புக் கம்பி வலை தெரியவே இல்லை. வைக்கோல் தூசும் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருந்தன. அறுவடை இயந்திரம் ஓடும் தை, மாசி மாதங்களில் வயலோரத்து வீடுகளுக்குள் வரும் தூசி அது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயிண்ட் அடிக்கும் பழைய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து எடுத்தேன். ஒரு முறம் நிறையக் குப்பை வந்தது. ஒரு சாண் முன்னால் நகர்த்தி வைத்தேன், துணியை எடுத்தேன். மறுநாள் காலை அந்த அம்மாள் அழைத்து, "தம்பி, மாவு அப்படியே இருக்கிறது" என்றார். அந்தக் குரலுக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

பின்னால் ஒரு சாண், பக்கவாட்டில் நான்கு விரல், தலைமேல் எதுவும் வைக்காத இடம். இதுதான் கணக்கு. புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் அந்தக் கம்பி வலை வெளியே தெரியாது, பக்கச் சுவருக்குள் பதித்திருப்பார்கள். பக்கவாட்டில் சூடாக இருக்கிறது என்று பயந்து அழைப்பவர்கள் உண்டு. அது சூடாகத்தான் இருக்க வேண்டும், வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அங்கே ஈரத்துணியைக் காயப்போடாதீர்கள்.

கதவு

பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவுக்கும் பெட்டிக்கும் இடையே வைத்து மூடுங்கள். இழுத்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் ஒட்டவில்லை. நான்கு பக்கமும் ஒரு சாணுக்கு ஒருமுறை இப்படிப் பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச்சை எரியவிட்டு மூடினால் ஒளி கசியும் இடமும் தெரியும்.

ரப்பரை மாற்றுவதற்கு முன் கழுவுங்கள். மடிப்புக்குள் மாவும் எண்ணெயும் கறுப்புப் பூஞ்சையும் சேர்ந்திருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், இவை போதும். கழுவிய பிறகும் ஒரு மூலை உள்வாங்கியிருந்தால் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் சில நிமிடம் வைத்து, ரப்பர் இளகியதும் விரலால் வெளியே இழுத்துவிடுங்கள். கிழிந்திருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். முன்கால்களைத் திருகி ஃபிரிட்ஜை ஒரு நூல் அளவு பின்னால் சாய்த்து வைத்தால் கதவு தானாக மூடிக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் அது காற்றின் ஈரம். நோட்டுச் சோதனை சரியாக இருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம்.

பனி

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசரைச் சுற்றிப் பனி படியும். அரை விரற்கடைக்கு மேல் ஏறவிடக் கூடாது. பனி ஏற ஏற அது போர்வை போல ஆகிவிடும், குளிர் கீழே இறங்காது. பனி நீக்கும் பொத்தானை அழுத்துங்கள், அல்லது சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வையுங்கள். பனி தானாகக் கழன்று விழும்.

கத்தியை எடுக்காதீர்கள். இதைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். திருவிடைமருதூரில் ஒரு வீட்டில், கல்யாணத்துக்கு முந்தைய நாள், ஒட்டிக்கொண்ட மீன் பொட்டலத்தைக் கத்தியால் நெம்பியிருக்கிறார்கள். ஃபிரீசரின் அலுமினியச் சுவருக்குள்ளேயேதான் கேஸ் ஓடும் வழி இருக்கிறது. "ஸ்ஸ்" என்று சத்தம் வந்ததாம். நான் போனபோது சத்தம் அடங்கியிருந்தது. ஓட்டை, எள் அளவுகூட இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் போதும் என்ற இடத்தில் ஃபிரீசரையே மாற்ற வேண்டியதாயிற்று.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் கதை வேறு. மேலே ஐஸ் உறைகிறது, கீழே பால் கெடுகிறது என்பார்கள். இதைக் கேட்டதும் கேஸ் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். மேலே உறைகிறதென்றால் கேஸ் பெரும்பாலும் வேலை செய்கிறது. ஃபிரீசரின் பின்பலகைக்குப் பின்னால் இருக்கும், குளிரைத் தரும் குழாய்ச் சுருளான காயிலில் பனி கட்டி, காற்று கீழே வரும் வழி அடைபட்டிருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் ஒரு முழு நாள் திறந்து வையுங்கள். மறுபடியும் போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் பழைய கதைக்கே திரும்பினால், பனியை உருக்கும் ஹீட்டரோ, அதன் சென்சாரோ, டைமரோ கெட்டிருக்கிறது. மெக்கானிக்கிடம் இந்த ஒரு வாரக் கணக்கைச் சொல்லுங்கள். அவர் வேலையில் பாதியை நீங்கள் முடித்துவிட்டீர்கள். மறுபடியும் போட்ட பிறகும் கீழே குளிரவே இல்லை என்றால் உள்விசிறி சுற்றுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் குமிழில் பெரிய எண் என்றால் அதிகக் குளிர். கோடையில் கடைசி எண்ணுக்குத் திருப்பிவிட்டு மறந்துபோனால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், பனி ஏறும். நடுவில் வையுங்கள்.

தண்ணீர்

காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால், பின்சுவரில் இருக்கும் வடிதுளை அடைபட்டிருக்கிறது. கொத்தமல்லி இலை ஒன்று போதும் அடைக்க. ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி மெதுவாகச் செலுத்துங்கள். அந்தத் தண்ணீர் பின்னால் கம்ப்ரசர் மேலிருக்கும் தட்டில் போய் விழும். அந்தத் தட்டை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வீட்டைச் சுற்றித் தேங்காய்ச் சிரட்டையையும் டயரையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, இந்தத் தட்டை விட்டுவிடுகிறோம்.

கம்ப்ரசர் கிளம்பவில்லை என்றால்

பின்னால் காதை வைத்துக் கேளுங்கள். "டக்" என்ற சத்தம், ஒரு முனகல், சில நொடிகளில் மறுபடியும் "டக்", பிறகு சில நிமிட மௌனம். இந்தச் சுற்று திரும்பத் திரும்ப வந்தால், கம்ப்ரசர் கிளம்ப முயன்று முடியாமல் பாதுகாப்புச் சாதனம் அதை நிறுத்துகிறது. வோல்டேஜ் சரியாக இருந்தும் இப்படி என்றால் ரிலேயைச் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரசரைக் கிளப்பிவிட, அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னப் பொருள் அது. புதியது சில நூறு ரூபாய். கம்ப்ரசரே போய்விட்டது என்று ஆயிரக்கணக்கில் கணக்குச் சொன்னால், "முதலில் ரிலேயை மாற்றிப் பாருங்கள் அண்ணே" என்று தைரியமாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதைத் தானாகவே செய்வார்.

சத்தமே இல்லையா? முதலில் எலியை நினையுங்கள். அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடியதும் எலிகள் வீட்டுக்கு வருகின்றன. கம்ப்ரசர் பக்கம் கதகதப்பாக இருக்கும், குட்டி போட நல்ல இடம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கீழ்ப்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கை, கடித்த வயர், ரிலே பெட்டிக்குள் மாட்டிச் செத்த பல்லி, இவை எனக்குத் தினசரிக் காட்சி. வயரை நீங்களே சுற்றி ஒட்டாதீர்கள். பின்பக்கத் திறப்பில் நெருக்கமான கம்பி வலை கட்டுங்கள், காற்று போக வேண்டும், எலி போகக் கூடாது.

ஃபிரிட்ஜைப் படுக்கவைத்து வண்டியில் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே சுவிட்சைப் போட வேண்டும். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும், அது திரும்பி வரட்டும்.

கம்ப்ரசர் இல்லாத சின்னப் பெட்டிகள்

மேசைமேல் வைக்கும் சின்னக் குளிர்பெட்டிகளை இப்போது இணையத்தில் வாங்குகிறார்கள். வெளிநாட்டில் ஒயின் வைக்கும் சிறிய அலமாரிகள் பலவும் இதே வகைதான். உள்ளே கம்ப்ரசரும் கேஸும் கிடையாது. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் சில்லு ஒன்றும் விசிறியும் மட்டும் இருக்கும். இந்த வகையால் அறையின் சூட்டைவிட 15 முதல் 20 டிகிரி வரை மட்டுமே கீழே கொண்டுபோக முடியும். ஒயினுக்கு 12, 13 டிகிரி போதும், குளிர்நாட்டு அறையில் அது எளிதாகக் கிடைத்துவிடும். மே மாதம் திருவாரூரில் அறையே 36 டிகிரி இருக்கும்போது பெட்டிக்குள் 16-க்குக் கீழே எதிர்பார்க்க முடியாது. குளிரவில்லை என்று இவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், பழுது எதுவும் இல்லை, இதன் எல்லையே இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்புகிறேன். உண்மையான பழுது என்றால் விசிறியில் தூசி அடைத்தது, அல்லது விசிறியே நின்றுபோனது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இன்சுலின். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். இந்தப் பெட்டியை நம்பி அதில் வைக்காதீர்கள். வீட்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃபிரீசரை ஒட்டி வைக்கக் கூடாது, ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது.

கடற்கரையும் புயலும்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். பின்புறக் குழாய்களை மாதம் ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்தாலே சில ஆண்டு ஆயுள் கூடும். வீட்டைக் கழுவிவிடும் பழக்கம் உள்ளவர்கள் ஃபிரிட்ஜை ஸ்டாண்டின் மேல் ஏற்றி வையுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்த பிறகு, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் மூடிய ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்குமேல் பால், இறைச்சி, சமைத்த உணவு எதையும் நம்ப வேண்டாம். நீண்ட நாள் மின்சாரம் வராது என்று தெரிந்தால் காலி செய்து, துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். வெள்ளம் கம்ப்ரசர் வரை ஏறிய ஃபிரிட்ஜை, வெயிலில் காய்ந்துவிட்டது என்று எண்ணிச் செருகவே கூடாது. மெக்கானிக் ரிலே பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான்.

கடைசியாகக் கேஸ்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, பின்பக்க வலையோ பக்கச் சுவரோ சூடேறாமல், ஃபிரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்தால் கேஸ் குறைந்திருக்கலாம். குழாய் அடைப்பும் இதே போலக் காட்டும், அதைப் பிரித்துச் சொல்வது மெக்கானிக் வேலை.

அவர் வந்ததும் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். ஓட்டை எங்கே என்று அழுத்தம் ஏற்றிச் சோப்பு நுரை தடவிக் காட்ட வேண்டும். குழாயில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டரைப் புதிதாக மாற்ற வேண்டும். பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியே இழுக்க வேண்டும். கடைசியாக, கேஸை எடை பார்த்து ஏற்ற வேண்டும். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். ஆர்-600ஏ என்று இருந்தால் அது தீப்பற்றும் கேஸ், 40, 50 கிராம் போலத்தான் இருக்கும். ஜன்னல்களைத் திறந்து, அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். அந்த இடத்தில் வேறு வகைக் கேஸான ஆர்-134ஏ ஏற்றுகிறேன் என்று ஒருவர் சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

எடைத் தராசு கொண்டுவராதவரை மறுநாள் தராசோடு வரச் சொல்லுங்கள்.